பன்னிரண்டு கோடும் நிற்கிற பழைய லீஃப்: வாங்கலாமா?

தம்பி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும். அவருக்குச் சாவகச்சேரியில் வீடு, யாழ்ப்பாண நகரத்தில் வேலை. 2013 ஆம் ஆண்டு நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். ஜப்பானில் ஓடி, 2015 இல் இலங்கைக்கு வந்த கார். மீற்றரில் 81,000 கிலோமீற்றர். பற்றரிக் கோடுகள் பன்னிரண்டும் அப்படியே இருக்கின்றன என்பதில் அவருக்குச் சந்தோஷம். கவலை எல்லாம் வேறு இடத்தில். வளைவில் முன் சில்லுப் பக்கம் ‘டக் டக்’ என்கிறது. பிரேக் பிடித்தால் உரசுகிறது. வேகம் 50 ஐத் தாண்டினால் கீழிருந்து ஓர் இரைச்சல். ஏசி குளிர் போதாது. விற்கிறவரோ, "சின்னச் சின்ன மெக்கானிக்கல் வேலைதான், அதற்காகத்தான் விலையைக் குறைத்திருக்கிறேன்" என்கிறார். மாதம் ஒருமுறை வவுனியாவில் அக்கா வீட்டுக்கும் போய் வர வேண்டும். வாங்கலாமா? மழைக்குள் சார்ஜ் போட்டால் கரண்ட் அடிக்காதா என்று அம்மாவும் கேட்கச் சொன்னாராம்.

தம்பி, நீங்கள் பயப்பட வேண்டிய இடத்தில் சந்தோஷப்படுகிறீர்கள். அந்தச் சத்தங்களில் முக்கால்வாசி, கை தேர்ந்த மெக்கானிக் ஒருவர் ஓரிரு நாளில் திருத்தக்கூடியவை. என்னை யோசிக்க வைப்பது அந்தப் பன்னிரண்டு கோடுதான்.

ஏன் என்று சொல்கிறேன். லீஃபின் முகப்பில், சார்ஜ் அளவு காட்டும் பெரிய கோடுகளுக்குப் பக்கத்தில் சின்னக் கோடுகள் பன்னிரண்டு இருக்கும். அவை பற்றரியில் இப்போது எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதைக் காட்டுவதில்லை. புதிதாக இருந்தபோது கொண்ட அளவில் இன்னும் எவ்வளவு கொள்ளும் என்பதைக் காட்டுகின்றன. முதல் கோடு விழ, பற்றரி தன் கொள்ளளவில் ஏறத்தாழ 15 வீதத்தை இழந்திருக்க வேண்டும். அதன் பிறகு 6 வீதம் சொச்சத்துக்கு ஒரு கோடாக விழும். ஆகவே பன்னிரண்டும் நிற்கிறது என்றால், அந்தப் பற்றரி இன்னமும் 85 வீதத்துக்கு மேல் நல்லது என்று கார் சொல்கிறது. பத்து வருடத்துக்கு மேல் நம் நாட்டு வெயிலில் நின்ற 24 யூனிற் பற்றரி அப்படி இருக்காது. 24 யூனிற் என்றால் 24 கிலோவாற்று மணி. மின்சாரக் கட்டணத்தில் வருகிற அதே யூனிற்தான், கணக்குப் பார்க்க இலகு என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

லீஃபின் பற்றரியைக் குளிர்விக்க எதுவும் கிடையாது. மோட்டருக்கும் இன்வேர்ட்டருக்கும் சார்ஜருக்கும் கூலன்ட் ஓடுகிறது, முன்னால் ரேடியேட்டரும் இருக்கிறது. ஆனால் காசு முழுவதும் போயிருக்கிற அந்தப் பெரிய பற்றரிப் பெட்டி, இருக்கைகளுக்குக் கீழே மூடிய இரும்புப் பெட்டிக்குள் தானாகவே ஆற வேண்டும். குளிர் நாட்டில் அது போதும். 2012 இலேயே அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், வாங்கி இரண்டு வருடம் ஆகுமுன்பே கோடுகள் விழுகின்றன என்று உரிமையாளர்கள் வழக்குப் போடும் அளவுக்குப் பிரச்சினை வந்தது. அதன் பிறகுதான் நிசான் கொள்ளளவுக்கென்று தனி உத்தரவாதம் கொடுத்தது, 2015 மாடல்களில் வெப்பத்தைக் கொஞ்சம் கூடத் தாங்கும் பற்றரியையும் போட்டது. நீங்கள் பார்த்திருப்பது அதற்கு முந்தியது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில், தாரில் நிற்கிற காரின் அடியில் சூடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இந்த வயதுக் கார்களில் எட்டு, ஒன்பது கோடு என்றால் அதிசயமில்லை. அதற்குக் கீழும் நிறைய இருக்கின்றன.

அப்படியானால் இந்தக் காரில் மட்டும் பன்னிரண்டு எப்படி? மூன்று வழிதான் எனக்குத் தெரிகிறது. ஒன்று, பற்றரி முழுவதையும் மாற்றியிருக்கிறார்கள். உண்மையாக மாற்றியிருந்தால் பெருந்தொகைக்கு ஒரு பில் இருக்கும், விற்கிறவர் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். இரண்டு, பெட்டியைத் திறந்து, செத்துப்போன சில மொடியூல்களை (சில செல்கள் அடங்கிய சிறு கட்டுகளை) மட்டும் மாற்றி, கணக்கைத் திரும்பத் தொடங்கி விட்டிருக்கிறார்கள். மூன்று, எதையும் மாற்றாமல் பற்றரிக் கணினியின் கணக்கை மட்டும் அழித்திருக்கிறார்கள். மூன்றாவது மிகச் சுலபம். தெரிந்தவர் கையில் சில நிமிட வேலை. உடனே பன்னிரண்டு கோடும் எழுந்து நிற்கும். கார் ஓட ஓட, சார்ஜ் ஏற ஏற, கணினி உண்மையைத் திரும்பக் கற்றுக்கொண்டு கோடுகளை ஒவ்வொன்றாக இறக்கும். அதற்குள் கார் கைமாறிவிடும். இது பல நாடுகளில் பழைய லீஃப் விற்பனையில் நடக்கிற மோசடி. உங்கள் விற்கிறவர் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு விற்றவர் செய்திருக்கலாம், இவருக்கே தெரியாமலும் இருக்கலாம். ஆனால் கோட்டை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

சரி, எதை நம்புவது?

முதலில், காரின் கணினியில் இருக்கிற பற்றரிக் கணக்கை வாசித்துக் காட்டும் லீஃப் ஸ்பை என்ற செயலியைத் தொலைபேசியில் போடுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற ஓபிடி துளையில் செருக ஒரு சின்ன புளூடூத் கருவி வேண்டும். மிக மலிவானவை சில இந்தக் காரோடு சரியாகப் பேசாது, ஏற்கெனவே லீஃப் வைத்திருக்கிறவரிடம் இரவல் வாங்குவது நல்லது. அதில் எஸ்ஓஎச் என்று பற்றரியின் நலம் வீதத்தில் வரும், ஏஎச்ஆர் என்று பற்றரி கொள்ளும் அளவு அம்பியர் மணியில் வரும். புதிய 24 யூனிற் பற்றரிக்கு ஏஎச்ஆர் 65 அளவில் இருக்கும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: கணக்கை அழித்திருந்தால் இந்த எண்களும் அழகாகத்தான் தெரியும். பற்றரி மாற்றிய பில் இல்லாத 2013 கார் 98, 99 வீதம் என்று காட்டினால் அது நல்ல செய்தி இல்லை, அழித்ததற்கான சாட்சி.

அழிக்க முடியாதது செல்களின் வோல்ட்டேஜ். பற்றரிக்குள் 48 மொடியூல், ஒவ்வொன்றிலும் நான்கு செல். அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து 96 சோடிகளாக வரிசையில் நிற்கின்றன. லீஃப் ஸ்பை அந்த 96 இன் வோல்ட்டேஜையும் பக்கத்தில் பக்கத்தில் கோடுகளாகக் காட்டும். முழுச் சார்ஜில் பார்த்தால் பழைய பற்றரி கூட ஒரே மட்டமாகத்தான் தெரியும். அதனால்தான் விற்கிறவர்கள் முழுச் சார்ஜில் காரைக் காட்ட விரும்புவார்கள். நீங்கள் சார்ஜ் 20 வீதத்துக்கு இறங்கும் வரை ஓடுங்கள். பிறகு வெறும் ரோட்டில் அக்சிலரேட்டரை நன்றாக அமத்தி, பக்கத்தில் இருப்பவரைத் தொலைபேசியைப் பார்க்கச் சொல்லுங்கள். 96 உம் சேர்ந்து இறங்கிச் சேர்ந்து எழும்பினால் பற்றரி வயசானது, ஆனால் ஒற்றுமையானது. ஒன்றிரண்டு மட்டும் 100, 200 மில்லிவோல்ட் தனியாகக் கீழே விழுந்தால், அந்தச் சோடிதான் முழுக் காரின் ஓட்டத்தையும் தீர்மானிக்கும். மற்ற 95 இல் சார்ஜ் மிச்சம் இருந்தாலும் அந்த ஒன்று அடிமட்டத்தைத் தொட்டதும் கார் முகப்பில் ஆமைப்படம் காட்டி வேகத்தைக் குறைத்துவிடும்.

அதைவிட உறுதியான சோதனைக்குத் தொலைபேசியே வேண்டாம். சார்ஜை முடிந்தவரை கீழே இறக்கிவிட்டு, இரவில் வீட்டில் மற்றச் சாமான்கள் எல்லாவற்றையும் நிறுத்தி, மின்சார மீற்றரின் எண்ணைக் குறித்துக்கொண்டு சார்ஜ் போடுங்கள். முழுவதும் ஏறியபின் எண்ணைத் திரும்பப் பாருங்கள். சுவரிலிருந்து எடுக்கிற 100 இல் பற்றரிக்குள் போவது ஏறத்தாழ 85. மிச்சம் சூடாகப் போய்விடும். புதிய 24 யூனிற் பற்றரி அடியிலிருந்து நிறைய, சுவரில் 24, 25 யூனிற் எடுக்கும். உங்களுடையது 16 எடுத்து நிறைந்துவிட்டது என்றால் உள்ளே 14 க்குக் கிட்டத்தான் கொள்ளும், முகப்பில் எத்தனை கோடு நின்றாலும் சரி. இதை எந்தக் கணினி வேலையாலும் மறைக்க முடியாது. விற்கிறவர் ஓர் இரவு காரைத் தர மாட்டார் என்றால் அவர் வீட்டு மீற்றரிலேயே செய்யச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று எண்ணைப் பாருங்கள். இதற்கும் மறுத்தால் நான் அந்தக் காரை அதற்குமேல் பார்க்க மாட்டேன்.

காரை உயர்த்தும்போது பற்றரிப் பெட்டியின் அடியையும் பார்க்க வேண்டும். அதைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளில் துரு ஒரே மாதிரி இருக்கிறதா, இல்லை ஸ்பானர் பட்ட புதிய பளபளப்பு இருக்கிறதா? புதிய அடையாளம் இருந்தால் பெட்டி இறக்கப்பட்டிருக்கிறது. இறக்கினால் தப்பென்று இல்லை, நேர்மையாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எதற்கு இறக்கினார்கள், யார் இறக்கினார், எத்தனை மொடியூல் மாற்றினார் என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும். கொள்ளளவு ஒத்துப் போகாத மொடியூல்களைக் கலந்து போட்ட பற்றரி சில மாதத்தில் திரும்பப் பழைய நிலைக்கு வரும். கல்லில் இடித்த நெளிவு, மூடியின் ஓரத்தில் சீல் விட்ட அடையாளம், கடற்கரைப் பக்கம் ஓடிய காரென்றால் உப்புத் துரு, இவற்றையும் ரோர்ச் அடித்துப் பாருங்கள். கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் நின்ற காரென்றால் இருக்கைக்குக் கீழே தரைவிரிப்பைத் தூக்கினால் மண் கோடு தெரியும்.

இனி உங்கள் சத்தங்களுக்கு வருகிறேன். அவற்றைச் சின்ன விஷயம் என்று தள்ளவும் கூடாது. ஏனென்றால் நாலில் ஒன்று பெரிய செலவாக இருக்கலாம், எது அது என்று வாங்குமுன் தெரிய வேண்டும்.

வளைவில் வருகிற ‘டக் டக்’கைப் பிரித்துப் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒரு பக்கம் வெட்டி மெதுவாக ஓடும்போது, சில்லு சுற்றுகிற வேகத்துக்கேற்ப சத்தமும் வேகமெடுத்தால் அது டிரைவ் ஷாஃப்டின் வெளி முனைச் சிவி ஜொயின்ட். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கும், கண்ணால் பார்த்தாலே தெரியும். பின்னுக்கு எடுத்து, பிறகு முன்னுக்கு எடுக்கிற அந்த நேரத்தில் ஒரே ஒரு ‘டக்’ வந்தால், ஷாஃப்ட் சில்லின் ஹப்புக்குள் செருகுகிற இடம் காய்ந்திருக்கலாம். நட்டைக் கழற்றி, சுத்தம் பண்ணி, கிரீஸ் வைத்து, அளவான இறுக்கத்தில் திரும்பப் பூட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். பள்ளம் திட்டியில் மட்டும் ‘கட கட’ என்றால் ஸ்டெபிலைசர் லிங்க், கீழ் ஆர்ம் புஷ், சொக் அப்சோபரின் மேல் மவுண்ட். லீஃப் ஏறத்தாழ ஒன்றரைத் தொன் பாரம். இந்த அளவுப் பெற்றோல் காரைவிடக் கூட. அதனால் இந்தப் பாகங்கள் கெதியாகத் தேயும். இவை எதற்கும் மின்சாரக் கார் தெரிந்த ஆள் தேவையில்லை.

பிரேக் உரசுவது இந்தக் கார்களில் சாதாரணம், அதற்குக் காரணமும் நல்லதுதான். காலை எடுத்ததும் மோட்டரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைப்பதால் பிரேக் கட்டைகளுக்கு வேலை குறைவு. வேலை இல்லாத டிஸ்க் துருப்பிடிக்கும், கலிப்பர் ஊசிகள் இறுகும். சில்லைக் கழற்றிப் பார்த்தால் கட்டை பாதி கூடத் தேய்ந்திருக்காது, ஆனால் டிஸ்க் ஓரம் துருவால் வெட்டுப்பட்டிருக்கும். சுத்தம் பண்ணலாம், மிஞ்சினால் டிஸ்க் மாற்றலாம். நான் பயப்படுகிறது வேறொன்றுக்கு. பிரேக் மிதி சில நேரம் கல்லுப்போல் இறுகினாலோ, மஞ்சள் அல்லது சிவப்புப் பிரேக் விளக்கு எரிந்து அணைந்தாலோ, அது கட்டைப் பிரச்சினை இல்லை. இஞ்சின் இல்லாத காரில் பிரேக்குக்கு உதவி செய்வது மின்சாரத்தில் ஓடுகிற பூஸ்டர். அது பழுதென்றால் செலவும் பெரிது, ஆபத்தும் பெரிது. திருத்தும் வரை அந்தக் காரை ரோட்டில் எடுக்கக் கூடாது.

50 க்கு மேல் வருகிற இரைச்சலுக்கு அதிக நேரம் கொடுங்கள். முதலில் ரயர்: உள் ஓரம் படிப்படியாகத் தேய்ந்திருந்தால் அதுவே பெரிய இரைச்சல் தரும். இஞ்சின் சத்தம் இல்லாததால் பெற்றோல் காரில் கேட்காதது இதில் கேட்கும். ரயர் சரியென்றால், வெறும் நேர் ரோட்டில் 60 இல் போகும்போது காரை மெல்ல இடமும் வலமும் சாயும்படி திருப்புங்கள். ஒரு பக்கம் சாயும்போது இரைச்சல் கூடி, மற்றப் பக்கம் குறைந்தால் சில்லுப் பெயரிங். மாற்றிவிடலாம், கவலையில்லை. சாய்வில் மாற்றம் இல்லையென்றால் அதே வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். இந்தக் காரில் கிளச் இல்லை, கியர் மாறுவதும் இல்லை. மோட்டர் எப்போதும் சில்லோடு சேர்ந்தே சுற்றும். ஆகவே நியூட்ரலில் உடனே மறைகிற மெல்லிய ‘ஙீ’ சத்தம் மோட்டரின் மின்காந்த ஓசை, அது பழுதில்லை. நியூட்ரலிலும் அப்படியே தொடர்கிற கரகரப்பு, சில்லுப் பெயரிங்கும் இல்லையென்றால், மோட்டர் பெயரிங்கோ, மோட்டரின் சுற்றைக் குறைத்துச் சில்லுக்குக் கொடுக்கிற ரிடக்ஷன் கியரின் பெயரிங்கோ. அந்தக் கியர்ப்பெட்டியில் இருக்கிற எண்ணெய் ஒன்றரை லீற்றரும் வராது. பல பேர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். வடித்துப் பாருங்கள். கறுத்திருந்தால் மாற்றினால் போதும். இரும்புத் தூள் மினுங்கினால் உள்ளே ஏதோ தின்னப்படுகிறது. அப்போது மோட்டரையும் கியரையும் இறக்க வேண்டிவரும். உங்கள் நாலு முறைப்பாட்டில் விலையை உண்மையிலேயே மாற்றக்கூடியது இதுதான். நல்ல வேளை, மோதி உடைந்த லீஃப்களில் மோட்டர் பெரும்பாலும் பழுதில்லாமல் மிஞ்சும். கழற்றி விற்கிற இடங்களில் முழுத் தொகுதியாகவே தேடலாம், பெயரிங் மாற்றுகிற கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏசியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கராஜில் காஸ் அடித்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், வாங்கிய பிறகும் சரி. லீஃபின் ஏசி கொம்பிரசர் பெல்ட்டில் ஓடுவதில்லை, பெரிய பற்றரியின் வோல்ட்டேஜில் நேரே ஓடுகிறது. அதற்குள் போகிற எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாத தனி வகை, பிஓஈ. சாதாரணக் காருக்குப் போடுகிற பிஏஜி எண்ணெய் கலந்தால், அதே குழாயால் காஸ் அடித்தால் கூட, கொம்பிரசருக்குள் மின்காப்பு கெடும். பிறகு கார் முழுவதும் மின்கசிவு என்று கணினி கண்டுபிடித்து, ஓட விடாமலே நிறுத்தலாம். பி0ஏஏ6 என்ற பழுதுக் குறியீடு வந்தால் அதுதான். உங்கள் காரில் ஏசி குளிரவில்லை என்பதால் யாராவது ஏற்கெனவே காஸ் அடித்திருக்க வாய்ப்பிருக்கிறது. யார், எங்கே என்று கேளுங்கள். ஏசியை முழு அளவில் அரை மணி நேரம் ஓடவிட்டு, லீஃப் ஸ்பையில் பழுதுக் குறியீடுகளை வாசியுங்கள். முந்தின நாளே யாராவது குறியீடுகளை அழித்திருந்தாலும் இப்படி ஓடவிட்டால் பெரும்பாலும் திரும்ப எழும்பும்.

இதையெல்லாம் செய்யுமுன் சின்ன 12 வோல்ட் பற்றரியைப் பாருங்கள். அது பலவீனமாக இருந்தால் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கைகள் எல்லாம் முகப்பில் வரும், கார் எழும்பவே மறுக்கும். ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மாற்றிவிட்டுப் பிறகு மற்றதைச் சோதியுங்கள். நல்ல காரை அதனால் பழுதென்று ஒதுக்கிவிடக் கூடாது.

இரண்டு சார்ஜ் துளையிலும் சோதியுங்கள். வீட்டுச் சார்ஜ் ஏறுவதை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். சாடெமோ என்கிற வகை வேகச் சார்ஜ் வேறு வழியால் போகிறது, அதன் பழுது வேகச் சார்ஜரில் மாட்டினால்தான் தெரியும். ஊசிகளில் கருகல், உருகிய பிளாஸ்ரிக் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். செம்மஞ்சள் நிற வயர்களை எந்த மெக்கானிக்கும் தொட விடாதீர்கள், அதற்குப் படித்தவர் ஒருவர் முன்னால் நின்றால் ஒழிய. முழுச் சார்ஜில் அவற்றில் 390 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் இருக்கிறது. தரையில் இருக்கிற சேர்விஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும், இன்வேர்ட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். "நான் ஹைபிரிட் எல்லாம் செய்திருக்கிறேன்" என்ற பேச்சு போதாது. ரப்பர் கையுறையும் அளக்கும் மீற்றரும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். சில்லு, பிரேக், சஸ்பென்ஷன் வேலைக்கு இந்தப் பயம் வேண்டாம்.

இனி இந்தக் கார் உங்களுக்குப் பொருந்துமா என்பது. சோதனையில் 14 யூனிற் கொள்ளும் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஏசி போட்டு, 60 க்குக் கிட்ட நிதானமாக ஓடினால் ஒரு யூனிற்றுக்கு 7 கிலோமீற்றர் எதிர்பார்க்கலாம். அடிமட்டம் வரை 98, நிம்மதியாக ஓடக்கூடியது 80. சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் போய்வர 35 கிலோமீற்றருக்குக் கிட்ட. ஐந்து யூனிற். ஊர் அலைச்சலும் சேர்த்து ஒருநாள் விட்டு ஒருநாள் சார்ஜ் போட்டாலே போதும். இதற்கு இந்தக் காரைப்போல் சிக்கனமானது இல்லை. 2022 இல் பெற்றோல் வரிசையில் நாள்கணக்கில் நின்றவர்களுக்கு இதன் அருமை சொல்லத் தேவையில்லை.

வவுனியா அப்படியில்லை. ஏ9 இல் ஒரு வழி மட்டும் 125 கிலோமீற்றர் அளவில் வரும். ஒரே சார்ஜில் போகவே முடியாது. கிளிநொச்சிப் பக்கம் ஒரு வேகச் சார்ஜ் வேண்டும், அந்தச் சார்ஜர் அன்றைக்கு வேலை செய்கிறதா என்று புறப்படுமுன் கேட்க வேண்டும். வெயிலில் ஓடி வந்த பற்றரியில் வேகச் சார்ஜ் போட்டால் சூடு இன்னும் ஏறும், ஒரே பயணத்தில் இரண்டு முறை போடுவது இந்தப் பற்றரிக்கு நல்லதில்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு இரவில் மாங்குளம் காட்டுப் பக்கம் ஆமைப்படம் எரிய நிற்கிற நிலை உங்களுக்கு வேண்டாம். மாதத்தில் அந்த ஒரு பயணத்துக்கு பஸ்ஸிலோ ரயிலிலோ போகச் சம்மதம் என்றால் இந்த லீஃப் சரி. காரில்தான் போக வேண்டும் என்றால் 24 யூனிற் லீஃபே உங்களுக்கு உரியது அல்ல. 2017 கடைசியில் வந்த 40 யூனிற் மாடலைப் பாருங்கள், விலை கூடினாலும்.

பெரிய பற்றரியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விற்கிறவர் சொல்லக்கூடும். செய்கிறார்கள்தான். 40 யூனிற் பற்றரியைப் பழைய லீஃபில் பூட்ட, காரின் கணினிக்கும் புதிய பற்றரிக்கும் இடையில் மொழிபெயர்க்கிற ஒரு சின்னப் பலகை வேண்டும். அந்தப் பற்றரியும் வேறொரு காரிலிருந்து கழற்றிய பழையதாகத்தான் பெரும்பாலும் வரும், அதையும் இதே சோதனைகளால் அளக்க வேண்டும். காரின் விலையோடு அந்தச் செலவைக் கூட்டி, அதே காசுக்கு 40 யூனிற் காரே கிடைக்குமா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

விலை பேசும்போது சத்தங்களை முன்னால் வைக்காதீர்கள். விற்கிறவர் அதற்குத் தயாராக இருக்கிறார், அதற்கான தொகையை ஏற்கெனவே கழித்தும் விட்டார். மீற்றரில் ஏறிய யூனிற்றை முன்னால் வையுங்கள். அவர் பன்னிரண்டு கோட்டுக் காருக்கான விலை சொல்கிறார். நீங்கள் அளந்தது எட்டுக் கோடு என்றால் எட்டுக் கோட்டுக் காருக்கான விலையைச் சொல்லுங்கள், அதே வருடத்து அதே நிலைக் கார்கள் இப்போது என்ன விலைக்குப் போகின்றன என்று பார்த்துக்கொண்டு போங்கள். 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்ததால், பழைய கார் வைத்திருப்பவர் கேட்டதைத்தான் கொடுக்க வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. இரைச்சல் கியர்ப்பெட்டியில் என்று உறுதியானால் அதைத் தனியாகக் கழியுங்கள். பிரேக் பூஸ்டரோ மின்கசிவுக் குறியீடோ வந்தால், அவர் திருத்தித் தந்த பிறகுதான் பேச்சு.

பற்றரிக்கு ஜப்பானில் நிசான் கொடுத்த உத்தரவாதத்தை யாராவது நினைவுபடுத்தினால் அதை மறந்துவிடுங்கள், இந்த வயதில் அது முடிந்துபோன கதை. பதிவுச் சான்றிதழில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இன்னும் இருக்கிறதா, சேஸி எண் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது எந்தக் காருக்கும் உள்ளது. 81,000 என்ற மீற்றரையும் அப்படியே எடுக்காதீர்கள். ஜப்பான் ஏலத் தாள் இருந்தால் அதில் இருக்கிற கிலோமீற்றரோடு ஒப்பிடலாம். ஸ்டீயரிங் தோலும் ஓட்டுநர் இருக்கையின் ஓரமும் பிரேக் மிதியின் ரப்பரும் கூட உண்மை பேசும்.

அம்மாவின் கேள்விக்குச் சொல்லுங்கள்: கார்ப் பக்கம் பயமில்லை. பிளக் முழுவதும் செருகி, காரும் சார்ஜரும் ஒன்றையொன்று சரிபார்த்த பிறகுதான் அதில் மின்சாரமே வரும், கழற்றத் தொடங்கியதும் நின்றுவிடும். தூறல் பட்டால் ஒன்றும் ஆகாது. கவனம் வேண்டியது வீட்டுப் பக்கம். சார்ஜர் மணிக்கணக்கில் தொடர்ந்து இழுக்கும், பழைய வயரும் தளர்ந்த சொக்கெற்றும் அதற்குத் தாங்காமல் சூடேறும். எக்ஸ்டென்ஷன் வயரில் போடவே கூடாது. நல்ல எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு, மெயின் போர்ட்டிலிருந்து தனி வயர் இழுத்து, எர்த்தை அளந்து, ட்ரிப் சுவிச்சைச் சோதித்து, மழை படாத இடத்தில் சொக்கெற் வைக்கச் சொல்லுங்கள். முதல் நாள் சார்ஜ் போட்டு அரை மணி நேரத்தில் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடென்றால் உடனே நிறுத்திவிட்டு அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.